புகைப்படத்தைக் கம்பளிப் பின்னலாக மாற்றுவது எப்படி: கிம்ப்பில் முழுமையான வழிகாட்டி

ஒரு புகைப்படத்தை ஸ்வெட்டரில் பின்னியது போல மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பின்னல் துணியின் படம் ஒன்றை எடுத்துப் புகைப்படத்தின் மேல் லேயராக, அதாவது தனி அடுக்காக, வைத்து, லேசாக மங்கலாக்கிவிடுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே கண்ணியில் பாதி பழுப்பு, பாதி வெள்ளை என்று இருக்கும்.

நிஜப் பின்னலில் ஒரு கண்ணி என்பது நூலின் ஒரு வளையம். அந்த வளையத்துக்கு ஒரு நிறம்தான். நிறம் மாறுவதானால் கண்ணியின் விளிம்பில் மாறும், நடுவில் மாறாது. கீழே வரும் படிகள் நீளமாகத் தோன்றினாலும், பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சரியாகக் கொண்டுவரத்தான்.

நான் இங்கே பயன்படுத்துவது கிம்ப் 2.10. இலவச மென்பொருள். போட்டோஷாப்பில் செய்பவர்களுக்கான பெயர்கள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கண்ணிக் கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வழியில் அளவை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

சாதாரண ஸ்வெட்டர் பின்னலில் கண்ணி சதுரமாக இருக்காது. அகலம் கூடுதல், உயரம் குறைவு. நடுத்தரக் கம்பளி நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணிகள், அதே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகள் என்பது நூல் உறைகளில் பரவலாகக் காணும் கணக்கு. அதாவது ஏறக்குறைய அகலம் 5 என்றால் உயரம் 4. அதனால் ஒரு கண்ணிக்கு 20 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, அகலவாக்கில் எத்தனை கண்ணி? ஒரு முகத்துக்கு 120 என்பது என் அனுபவத்தில் நல்ல தொடக்கம். 60-க்குக் கீழே போனால் கண்ணும் வாயும் புள்ளிகளாகிவிடும். 250-ஐத் தாண்டினால் கண்ணிகள் பொடிப்பொடியாகிப் பின்னல் போலவே தெரியாது.

வரிசைகளின் எண்ணிக்கைக்கு, அகலக் கண்ணிகளைப் படத்தின் உயர-அகல விகிதத்தால் பெருக்கி, அதை மறுபடி 1.25-ஆல் பெருக்குங்கள். சதுரப் படமென்றால் 120 கண்ணிக்கு 150 வரிசை. இறுதிப் படம் 2400-க்கு 2400 பிக்சல் வரும். மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கும் படமென்றால் 200 வரிசை, 2400-க்கு 3200 பிக்சல்.

அந்த 1.25-ஐ விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. விட்டால் முகம் மேலிருந்து அழுத்தியது போலச் சப்பையாகிவிடும்.

2. படத்தைத் தேர்ந்து தயார் செய்தல்

ஒரே முகம், ஒரே பூனை, ஒரே பூ என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழுப் படங்கள் வேண்டாம், 120 கண்ணியில் ஐந்து முகங்கள் அடங்காது. உருவத்தை ஒட்டி இறுக்கமாகக் கிராப் செய்யுங்கள். பின்னணியில் இலை, கூட்டம், எழுத்து என்று இரைச்சல் இருந்தால் அதை அழித்துவிட்டு ஒரே நிறத்தால் நிரப்புங்கள். பின்னணி தின்னும் ஒவ்வொரு நிறமும் முகத்துக்குப் போக வேண்டிய நிறம்.

அப்புறம் 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, இரண்டு வேலைகள். உள்ளீட்டுப் பக்கத்தில் இரு முனைகளையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒளிக்கும் நிழலுக்கும் வேறுபாட்டைக் கூட்டுங்கள். வெளியீட்டுப் பக்கத்தில் 0 என்பதை 25 ஆகவும், 255 என்பதை 230 ஆகவும் மாற்றுங்கள். முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் நூலின் நிழலும் ஒளியும் சேர்ந்து தெரிய இடமிருக்காது. கம்பளி நூலும் அப்படித்தான், கறுப்பு நூல்கூட வெளிச்சத்தில் கரும்பழுப்பாகவோ கருநீலமாகவோதான் தெரியும்.

3. ஒரு கண்ணிக்கு ஒரு பிக்சல் என்று சுருக்குதல்

'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்'. அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிச் சின்னத்தைச் சொடுக்கிப் பிரித்துவிட்டு, 120, 150 என்று இடுங்கள். 'இன்டர்போலேஷன்' என்ற இடத்தில் 'க்யூபிக்' இருக்கட்டும்.

இப்போது முகம் நெட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் பின்னால் அகலமான கண்ணியாக விரியும்போது முகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இந்த இடத்தில் பதறிப்போய் கன்ட்ரோல்-இசட் அடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. நிறங்களைக் குறைத்தல்

'இமேஜ்' மெனுவில் 'மோட்', அதில் 'இண்டெக்ஸ்டு', அதாவது குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வைத்திருக்கும் நிலை. 'ஜெனரேட் ஆப்டிமம் பேலட்' என்பதைத் தேர்ந்து, நிறங்களின் எண்ணிக்கையை 8-லிருந்து 12-க்குள் வையுங்கள். 'டிதரிங்' என்பதை 'நன்' ஆக்குங்கள்.

டிதரிங்கை விட்டுவைத்தால், இல்லாத இடைநிறத்தைக் காட்ட மென்பொருள் இரு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலக்கும். கன்னத்தில் ஒற்றை ஒற்றைக் கண்ணிகளாக வேறு நிறம் சிதறும். கையால் பின்னுகிற ஒருவர் அப்படி ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் மாற்ற மாட்டார்.

சுருக்கிய பிறகுதான் நிறத்தைக் குறைக்க வேண்டும். முதலில் நிறத்தைக் குறைத்து அப்புறம் சுருக்கினால், சுருங்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து நூற்றுக்கணக்கான புதிய நிறங்கள் பிறந்துவிடும். செய்த வேலை வீண்.

'போஸ்டரைஸ்' என்ற கட்டளையும் இதையே செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறைக்கிறது. 4 என்று கொடுத்தால் 4 நிறம் அல்ல, 64 நிறங்கள் வரை வரும். அதுவும் படத்தில் இல்லாத பச்சையும் ஊதாவும் தோலில் முளைக்கும்.

5. கையால் திருத்துதல்

இந்தப் படியை அவசரத்தில் தாண்டாதீர்கள். படம் உயிரோடு இருக்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

நிறங்களைப் பங்கிடும்போது மென்பொருள் பரப்பைத்தான் பார்க்கிறது. கன்னம் பெரிது என்பதால் அதற்கு நாலு சாயல் கிடைக்கும். உதடு சிறிது என்பதால் அதன் சிவப்பு பழுப்போடு கரைந்துபோகும். கண்ணில் இருந்த ஒளிப்புள்ளி காணாமல் போயிருக்கும்.

800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பென்சில் கருவியை 1 பிக்சல் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ் வேண்டாம், அது ஓரங்களை மென்மையாக்கப் பார்க்கும். படம் இன்னும் இண்டெக்ஸ்டு நிலையில் இருப்பதால் பென்சில் அந்த 12 நிறங்களுக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் திருத்தத்தை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

ஒரு பூனைப் படத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். சுருக்கியபின் கண் 9 பிக்சல் அகலத்தில் ஒரு மஞ்சள் கறையாக இருந்தது. நடுவில் மூன்று கரும் பிக்சல்களை நெட்டுக்குத்தாக வைத்தேன், பாவை வந்தது. அதன் மேல் இடப்பக்கம் ஒரே ஒரு வெளிர் பிக்சல் வைத்தேன். பூனை பார்க்கத் தொடங்கிவிட்டது. நான்கு பிக்சல்களில் நடந்த மாற்றம் அது.

தனித்து நிற்கும் ஒற்றைப் பிக்சல்களை அக்கம்பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிடுங்கள். வெளிக்கோடு எங்காவது அறுந்திருந்தால் இணையுங்கள். அரை மணி நேரம் ஆகும், தகும்.

6. நூலுக்குச் சிறு வேறுபாடு, பிறகு பெரிதாக்குதல்

திருத்தம் முடிந்ததும் 'மோட்' மெனுவில் 'ஆர்ஜிபி'-க்குத் திரும்புங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் லேயர் கலவைகள் சரியாக வேலை செய்யாது.

இப்போதே, படம் சிறியதாக இருக்கும்போதே, 'ஃபில்டர்ஸ்' மெனுவில் 'நாய்ஸ்', அதில் 'எச்எஸ்வி நாய்ஸ்'. வெளிச்சத்தின் அளவை மட்டும் மிகக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நிறத்தையும் செறிவையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள். இந்த நிலையில் ஒரு பிக்சல் என்பது ஒரு கண்ணி. அதனால் இரைச்சலும் கண்ணிக்குக் கண்ணி மாறும், ஒரே நூல் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறித் தெரிவது போல. பெரிதாக்கிய பிறகு இதைச் செய்தால் மணல் தூவியது போலத்தான் இருக்கும்.

அடுத்து மறுபடி 'ஸ்கேல் இமேஜ்', சங்கிலியைப் பிரித்துவிட்டு 2400-க்கு 2400. இம்முறை இன்டர்போலேஷன் கட்டாயம் 'நன்'. வேறு எதுவாக இருந்தாலும் கட்டங்களின் ஓரங்கள் கலங்கிவிடும். முடிந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் 20-க்கு 16 பிக்சலில், கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும்.

7. கட்டங்களை 'வி' வடிவமாக்குதல்

பெரும்பாலான செய்முறைகளில் இல்லாத படி இது. முதலில் சொன்ன 'பாதி பழுப்பு, பாதி வெள்ளை' சிக்கல் தீருவது இங்கேதான்.

நம்மிடம் இருப்பது நீள்சதுரக் கட்டங்கள். ஆனால் கண்ணி நீள்சதுரம் அல்ல. அது 'வி' போல இரண்டு கால் கொண்டது, அந்தக் கால்களின் மேல்நுனிகள் மேல்வரிசைக்குள் ஏறி நிற்கும். அப்படியானால் எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதன் கீழ் மூலைகள் இரண்டும் அடுத்த கீழ்வரிசைக் கண்ணிக்குச் சொந்தமானவை. அந்த மூலைகளுக்குக் கீழ்வரிசையின் நிறத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

முதலில் ஒரு சிறு டைல், அதாவது படம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கப்போகும் ஒரு துண்டு. புதிய படம், 200-க்கு 160 பிக்சல், முழுவதும் கறுப்பு. 'இமேஜ்' மெனுவில் 'கன்ஃபிகர் கிரிட்' திறந்து 10 பிக்சல் இடைவெளி கொடுத்து, 'வியூ' மெனுவில் 'ஸ்னாப் டு கிரிட்' போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீ செலக்ட் கருவியால் (0, 40), (100, 160), (0, 160) என்ற முக்கோணத்தைத் தேர்ந்து வெள்ளையால் நிரப்புங்கள். எதிர்ப்பக்கத்தில் (200, 40), (100, 160), (200, 160) அதே போல. இப்போது இதை 20-க்கு 16 ஆகச் சுருக்கி, நகலெடுத்து, 'எடிட்' மெனுவில் 'பேஸ்ட் ஆஸ்', 'நியூ பேட்டர்ன்' என்று சேமியுங்கள்.

பெரிய படத்துக்கு வாருங்கள். நிற லேயரை இரட்டிப்பாக்குங்கள். மேல் நகலைத் தேர்ந்து, 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்ஃபார்ம்', 'ஆஃப்செட்'. செங்குத்து மதிப்பு -16. படம் ஒரு வரிசை மேலே ஏறும். மூவ் கருவியால் இழுக்காதீர்கள். அது லேயரையே நகர்த்திவிடும், அடியில் வெற்றுப் பட்டை விழும், அடுத்துச் சேர்க்கப்போகும் மாஸ்க்கும் இடம் தப்பும். மாஸ்க் என்பது லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்வது: வெள்ளையில் தெரியும், கறுப்பில் மறையும்.

ஏற்றிய பிறகு அந்த லேயருக்கு ஒரு மாஸ்க் சேருங்கள். மாஸ்க் தேர்வில் இருக்கும்போதே, நீங்கள் சேமித்த பேட்டர்னைத் தேர்ந்து 'எடிட்' மெனுவில் 'ஃபில் வித் பேட்டர்ன்' கொடுங்கள். 400 சதவீதத்தில் பாருங்கள். கட்டங்கள் மறைந்து, கீழ்நோக்கிய அம்புத்தலைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல வந்திருக்கும். மேல்நோக்கி வந்தால் ஆஃப்செட்டிலோ முக்கோணத்திலோ திசை மாறியிருக்கிறது.

கடைசி வரிசையின் மூலைகளில் மட்டும் படத்தின் உச்சியிலிருந்த நிறம் சுற்றி வந்திருக்கும். எல்லாம் முடிந்தபின் அடியில் 16 பிக்சல் வெட்டிவிட்டால் சரி.

8. கண்ணியின் நிழலும் ஒளியும்

நிறம் சரியாகிவிட்டது. இனி நூலின் உருண்டையான தோற்றம் வேண்டும். இதற்கும் ஒரு டைல், இது சாம்பல் நிறத்தில் மட்டும்.

புதிய படம், 200-க்கு 480 பிக்சல், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கட்டங்கள். பின்னணியைக் கரும்சாம்பலால், 255-க்கு 70 என்ற அளவில், நிரப்புங்கள். அதே 10 பிக்சல் கிரிட். ஒளிபுகும் புதிய லேயர் ஒன்றைப் படம் முழு அளவுக்குச் சேருங்கள்.

அந்த லேயரில் (10, 60), (90, 160), (90, 300), (10, 200) என்ற நான்கு புள்ளிகளைத் தேர்வு செய்யுங்கள். இதுதான் 'வி'-யின் இடக்கால். மூலைகள் கூராக இருக்கும், நூல் அப்படி இருக்காது. அதனால் 'செலக்ட்' மெனுவில் 'ஃபெதர்' 30 கொடுத்து, உடனே அதே மெனுவில் 'ஷார்ப்பன்' கொடுங்கள். தேர்வின் மூலைகள் வழுவழுவென்று உருண்டுவிடும். 150 அளவுள்ள சாம்பலால் நிரப்பி, நடுவில் மென்மையான பிரஷ்ஷால் 180 அளவில் ஒரு ஒளிக்கோடு இழுங்கள்.

இந்த லேயரை இரட்டிப்பாக்கி, 'லேயர்' மெனுவின் 'டிரான்ஸ்ஃபார்ம்' வழியே கிடைமட்டமாகத் திருப்பினால் வலக்கால் தயார். இரு கால்களையும் ஒன்றாக்கி, அதையும் நகலெடுத்து, ஆஃப்செட்டில் செங்குத்தாக 160 இறக்குங்கள். அடுத்த கண்ணியின் நுனிகள் நடுக்கட்டத்துக்குள் எட்டிப் பார்க்கும்.

எல்லா லேயர்களையும் சேர்த்து, 'காஸியன் ப்ளர்' 6 கொடுங்கள். முதலில் படத்தை 20-க்கு 48 ஆகச் சுருக்குங்கள். அதன் பிறகே நடுப்பகுதியை, மேலிருந்து 16-ஆவது பிக்சலில் தொடங்கி 20-க்கு 16 அளவில், கிராப் செய்யுங்கள். முதலில் வெட்டிப் பிறகு சுருக்கினால் ஓரப் பிக்சல்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கலக்கும். துணி முழுக்க மெல்லிய குறுக்குக் கோடுகள் விழுவதற்கு அதுதான் காரணம்.

லேயர்களைச் சேர்க்காமலே நகலெடுத்துவிட்டு, பேட்டர்னில் ஒற்றைக் கால் மட்டும் வந்திருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண 'காப்பி' தேர்விலிருக்கும் லேயரை மட்டும்தான் எடுக்கும். 'காப்பி விசிபிள்' எல்லாவற்றையும் எடுக்கும்.

நூலின் முறுக்கும் தெரிய வேண்டுமா? 20 பிக்சலில் அது தெரியாது, முயற்சி செய்ய வேண்டாம். அச்சுக்காகக் கண்ணியை 40-க்கு 32 என்று இரட்டிப்பாக்கினால் மட்டும் செய்யுங்கள். அப்போது ஆஃப்செட், டைல் அளவு எல்லாமே இரட்டிப்பாகும். முறுக்குக் கோடுகளைக் கால்களைத் திருப்பிய பிறகு, ஒவ்வொன்றிலும் தனியாக வரையுங்கள். நூல் ஒரே திசையில்தான் முறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் நிஜத் துணியில் ஒரு காலில் இழைகள் ஏறக்குறைய நிமிர்ந்தும், மறுகாலில் படுத்தும் தெரியும். கண்ணாடியில் பார்த்தது போல இரு பக்கமும் ஒத்திருந்தால், பின்னத் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும்.

9. டைலைப் படத்தில் பதித்தல்

பெரிய படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே புதிய லேயர். சாம்பல் பேட்டர்னால் நிரப்பி, லேயர் மோடை 'ஹார்ட் லைட்' ஆக்குங்கள்.

ஏன் ஹார்ட் லைட்? 'மல்டிப்ளை' இருட்டாக்க மட்டுமே செய்யும். கருநிற இடங்களில் கண்ணிகள் தெரியாமல் அமுங்கிவிடும். 'ஓவர்லே' அடியிலுள்ள நிறத்தைப் பொறுத்து வேலை செய்வதால், வெளிர் இடங்களிலும் கரிய இடங்களிலும் விளைவு மங்கிவிடும். ஹார்ட் லைட் மேலே இருக்கும் சாம்பலைப் பொறுத்தது. நடுச்சாம்பலைவிடக் கரியது இருட்டாக்கும், வெளிரியது வெளிச்சமாக்கும், அடியில் எந்த நிறம் இருந்தாலும் சரி.

அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால் லேயரின் ஒப்பாசிட்டியை 70 அல்லது 80-க்கு இறக்குங்கள். டைலின் சாம்பல் விளிம்புகளும் நிறத்தின் 'வி' விளிம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று ஓரிடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். விழவில்லையென்றால் ஏதோ ஒரு லேயர் (0, 0)-இல் தொடங்கவில்லை.

10. இயந்திரத்தனத்தை நீக்குதல்

இப்போது படம் அளவுகோல் வைத்துப் பின்னியது போல இருக்கும். ஒரு நகலை, லேயர்களை அப்படியே வைத்திருக்கும் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, லேயர்களை ஒன்றாக்குங்கள். 'டிஸ்டார்ட்ஸ்' பகுதியில் 'ரிப்பிள்', உயரம் 2 அல்லது 3 பிக்சல், அலைநீளம் சில நூறு பிக்சல். வரிசைகள் லேசாக நெளியும். லேயர்களைச் சேர்க்காமல் இதைச் செய்தால் ஒரு லேயர் மட்டும் நெளிந்து, இதுவரை பட்ட பாடு குலைந்துவிடும்.

நூலின் பிசிறுக்கு 'நாய்ஸ்' பகுதியில் 'ஸ்ப்ரெட்', இரு திசையிலும் 1 பிக்சல். அதற்கு மேல் வேண்டாம்.

11. குரோஷே தோற்றம் வேண்டுமென்றால்

குரோஷே என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது. அதில் மூலையிலிருந்து மூலைக்குப் போகும் போர்வைத் தோற்றம்தான் எளிது. அதில் ஒரு பிக்சல் ஒரு சதுரக் கட்டி, அதனால் 1.25-ஆல் பெருக்க வேண்டாம், 7-ஆவது படியும் தேவையில்லை. ஒவ்வொரு கட்டியிலும் நான்கு தடித்த இழைகள் பக்கம் பக்கமாக நிற்கும். பக்கத்துக் கட்டியில் அவை 90 பாகை திரும்பிக் கிடக்கும். எனவே சாம்பல் டைலைச் சதுரங்கப் பலகை போல நான்கு கட்டியாக வரையுங்கள்: இரண்டில் நின்ற இழை, இரண்டில் படுத்த இழை, மூலைக்கு மூலை ஒன்று போல. கட்டிக்கு 24 பிக்சல் என்றால் டைல் 48-க்கு 48. நிறங்களைக் குறைப்பது, கையால் திருத்துவது, ஹார்ட் லைட் எல்லாம் அதேதான். கட்டிகளின் சந்திப்பில் சின்னக் கரும்புள்ளி ஒன்று வையுங்கள். குரோஷேயில் அங்கே ஓட்டை இருக்கும்.

12. போட்டோஷாப் பெயர்கள், ஏற்றுமதி

போட்டோஷாப்பில் பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' தேர்ந்தெடுங்கள், கிம்ப்பின் 'நன்' அதுதான். டைலைச் சேமிக்க 'டிஃபைன் பேட்டர்ன்'. ஆஃப்செட் 'ஃபில்டர்' மெனுவில் 'அதர்' என்பதன் கீழ் இருக்கிறது. 'இண்டெக்ஸ்டு கலர்', 'ஹார்ட் லைட்' இரண்டும் அதே பெயரில் உண்டு.

ஏற்றுமதி பிஎன்ஜி வடிவில். திரையில் 33 அல்லது 67 சதவீதத்தில் பார்க்கும்போது அலையலையாகப் பட்டைகள் தெரிந்தால், அது படத்தில் இல்லை, திரை சுருக்கிக் காட்டுவதால் வருவது. 100 சதவீதத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். சிறிய படம் வேண்டுமென்றால் சரிபாதியாகச் சுருக்குங்கள், கண்ணி 10-க்கு 8 பிக்சலாகச் சீராக நிற்கும். அதைவிடச் சிறிதாக வேண்டியிருந்தால் சுருக்க வேண்டாம். முதல் படிக்குப் போய்க் கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். இரண்டு டைல்களும் ஏற்கெனவே கையில் இருப்பதால், இரண்டாவது முறை பாதி நேரம்கூட ஆகாது.